வளரும் பிள்ளையின் முதுகு வளைந்தால்: திருகோணமலையில் இருந்து சத்திரசிகிச்சை வரை

பிள்ளையின் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது என்று தெரியவரும் நாளில் இருந்து இரண்டு ஓட்டங்கள் ஒன்றாகத் தொடங்குகின்றன. ஒன்று பிள்ளையின் வளர்ச்சி. மற்றது கிளினிக், படம், கடிதம், கொழும்புப் பயணம் என்று நீளும் பெற்றோரின் அலைச்சல். வளர்ச்சி நிற்பதற்கு முன் முக்கியமான முடிவுகளை எடுத்துவிட வேண்டும். என் மகளோடு இந்த வழி முழுவதும் போய் வந்தவள் நான். எங்களுக்குக் காலம் அதிகம் போனது சிகிச்சையில் இல்லை. அளக்கக்கூடிய படம் கையில் இல்லாததாலும், கடிதம் பொருத்தமான பிரிவுக்கு எழுதப்படாததாலும்தான் மாதங்கள் கழிந்தன. அந்த இரண்டும் உங்களுக்கு நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது ஏறத்தாழ பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட, காரணம் தெரியாமல் பக்கவாட்டில் முதுகு வளையும் பிள்ளைகளுக்கானது. ஸ்கோலியோசிஸ் என்று கிளினிக் கொப்பியில் எழுதுவார்கள். மருந்து, மாத்திரை பற்றிய முடிவெல்லாம் வைத்தியருடையது. வழியை மட்டும் நான் சொல்கிறேன்.

1. வீட்டில் பாருங்கள், அவசரமா என்று பிரித்தறியுங்கள்

பிள்ளையை முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். இரு கால்களையும் சேர்த்து, முழங்கால் மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு மெதுவாகக் குனியட்டும். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்து தெரிந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். நிற்கும்போது தோள்கள் சமமில்லாமல் இருப்பது, ஒரு தோள்பட்டை எலும்பு வெளியே தள்ளுவது, இடுப்புக்கும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரு பக்கமும் வேறுபடுவது ஆகியவையும் அடையாளங்கள். பெரும்பாலும் நோவு இருக்காது. தளர்வான சீருடைக்கும் பர்தாவுக்கும் உள்ளே இது நன்றாக மறைந்துவிடும் என்பதால் அம்மாவோ அக்காவோ வீட்டில் ஆறுதலாகப் பார்க்கவேண்டும்.

பாடசாலை வைத்திய பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும். 7ஆம் தரப் பரிசோதனை நாளில் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் விட்டால் அதே வாரம் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். பெண்பிள்ளைகள் வேகமாக வளரும் வயது அது.

கனமான புத்தகப்பை தூக்கியதாலோ, கூனிக்கொண்டு படித்ததாலோ, தொலைபேசி பார்த்ததாலோ இந்த வளைவு வருவதில்லை. உறவினர்கள் பிள்ளையை ஏசுவார்கள். ஏச விடாதீர்கள்.

கீழே சொல்பவை இருந்தால் மட்டும் இந்தக் கட்டுரையின் வரிசையில் போகவேண்டாம். கால்களில் பலம் குறைவது அல்லது மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, மறைவிடத்தைச் சுற்றி உணர்வு இல்லாமல் போவது: இவற்றுக்கு அன்றைக்கே வைத்தியசாலை. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாட்கணக்கான காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் தூக்கத்தைக் குழப்பும் முதுகுவலி இருந்தாலும் தாமதிக்காதீர்கள். முதுகெலும்பில் காசநோய் வந்தாலும் கூன் விழும், அதற்கான சிகிச்சையே வேறு.

2. உள்ளூரில் முதல் வாசல்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, எலும்பியல் கிளினிக்குக்குத் துண்டு வாங்குவதுதான் நேர்வழி. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு வரலாம். கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது, எத்தனை மணிக்கு இலக்கம் கொடுக்கிறார்கள் என்பதை முதலிலேயே விசாரியுங்கள். ஈச்சிலம்பற்றில் இருந்தோ வெருகலில் இருந்தோ விடிய முன்னம் புறப்பட்டு வந்து, இன்றைக்கு அந்தக் கிளினிக் இல்லை என்று திரும்புவது போன்ற கொடுமை வேறில்லை.

சனலிங் நிலையத்தில், அதாவது பணம் கட்டித் தனியாராக வைத்தியரைப் பார்க்கும் இடத்தில், எலும்பியல் நிபுணரை ஒரு தடவை காட்டிவிட்டு, அவரிடமே அரச கிளினிக்குக்குக் கடிதம் கேட்கும் வழியும் உண்டு. வைத்தியர் கட்டணம், நிலையக் கட்டணம் இரண்டும் போகும். வசதி இருந்தால் செய்யலாம், ஆனால் அதன்பிறகு அரச கிளினிக்கில் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் கொழும்புக்கு அனுப்பும்போது அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

3. படம்: மாதங்கள் தொலையும் இடம்

நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

வளைவை அளப்பதற்கு வேண்டியது முதுகெலும்பு முழுவதையும் ஒரே படத்தில் காட்டும், நின்றபடி எடுத்த எக்ஸ்ரே. கழுத்தின் அடியில் இருந்து இடுப்பெலும்பும் தொடையெலும்பின் தலையும் தெரியும்வரை அதில் இருக்கவேண்டும். இரண்டு படங்கள்: ஒன்று பின்பக்கமிருந்து, மற்றது பக்கவாட்டில். படுத்திருந்து எடுத்தால் உடலின் பாரம் முதுகில் இறங்காது. அதனால் வளைவு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். நெஞ்சுப் பகுதி ஒரு படம், இடுப்புப் பகுதி வேறு படம் என்று துண்டாக எடுத்தால் இரண்டையும் இணைத்து அளப்பது கடினம். எங்களுக்கு ஒரு தனியார் நிலையத்தில் படுக்கவைத்து, இரண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தார்கள். கொழும்பில் அதைக் கையில் எடுத்த வைத்தியர் அளக்கவே இல்லை, திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஆகவே துண்டில் “முழு முதுகெலும்பு, நின்றபடி, இரண்டு கோணம்” என்று வைத்தியரின் கையெழுத்தில் இருக்கிறதா என்று கிளினிக் அறையை விட்டு வெளியே வரமுன் பாருங்கள். எக்ஸ்ரே அறையில் நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். எல்லா இயந்திரத்திலும் இவ்வளவு நீளமான படம் எடுக்க முடியாது. அங்கே வசதி இல்லை என்றால் எங்கே உண்டு என்று கேட்டுக்கொண்டு போங்கள், இருப்பதை எடுத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். சப்பாத்தைக் கழற்றவேண்டும். ஏற்கெனவே பிரேஸ் (முதுகு மேலும் வளையாமல் உடம்பைச் சுற்றி அணியும் கவசம்) அணிகிற பிள்ளை என்றால் அதைக் கழற்றி எடுப்பதா அணிந்தே எடுப்பதா என்பதையும் வைத்தியரே எழுதித் தரவேண்டும்.

கதிர் பின்னாலிருந்து முன்னுக்குப் போகும்படி எடுத்தால் பெண்பிள்ளையின் மார்பில் படும் அளவு குறையும். இதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். முந்தைய தசாப்தங்களில் ஸ்கோலியோசிஸுக்காக அடிக்கடி படம் எடுக்கப்பட்ட பெண்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் மார்புப் புற்றுநோய் இறப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. இன்றைய கதிரளவு அக்காலத்தைவிட மிகக் குறைவு, பயந்து படத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஆனால் பிழையாக எடுத்த படத்தைத் திரும்ப எடுப்பது பணத்துக்கு மட்டுமல்ல, பிள்ளையின் உடம்புக்கும் நட்டம்.

படத்தின் சீடீயைக் கேட்டு வாங்குங்கள். பிலிமைத் தொலைபேசியில் பிடித்து அனுப்பினால் கோணத்தை நம்பி அளக்கமுடியாது. பிலிமாகத் தந்தால் மடிக்காமல், கடலோர ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கடதாசி வைத்துத் தட்டையாக வையுங்கள். வைத்தியசாலையிலேயே பிலிமைத் தங்கவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கில் தேடிக் கிடைக்காவிட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது.

4. கொப்பியின் பின்பக்கத்தில் ஆறு விவரங்கள்

ஒவ்வொரு கிளினிக்கிலும் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: படம் எடுத்த திகதி, கோப் கோணம் எத்தனை பாகை, எந்த முள்ளெலும்பில் இருந்து எந்த முள்ளெலும்பு வரை அளந்தார்கள், ரிஸ்ஸர் எண், பிள்ளையின் உயரம், பெண்பிள்ளை என்றால் முதல் மாதவிடாய் வந்த மாதம்.

கோப் கோணம் என்பது வளைவின் மேல் நுனி எலும்புக்கும் கீழ் நுனி எலும்புக்கும் இடையிலான சாய்வு. 10 பாகைக்குக் குறைந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்று கணக்கெடுப்பதில்லை. 10க்கும் 25க்கும் இடையில் என்றால் பொதுவாகக் கண்காணிப்பு. வளரும் பிள்ளைக்கு 25க்கு மேல் போனால் பிரேஸ் பற்றிப் பேசுவார்கள். 45, 50 என்று வந்தால் சத்திரசிகிச்சைப் பேச்சு. ஒரே படத்தை இருவர் அளந்தால்கூட 5 பாகை வரை வேறுபடும் என்பதால், 23 போய் 26 வந்துவிட்டதே என்று இரவு முழுக்க அழவேண்டாம். அதேபோல 26 இருந்து 22 ஆகிவிட்டது, முதுகில் தேய்க்கும் எண்ணெய் வேலை செய்கிறது என்று கிளினிக்கை விடவும் வேண்டாம்.

ரிஸ்ஸர் எண் இடுப்பெலும்பின் விளிம்பைப் பார்த்து வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று சொல்வது. 0 என்றால் வளர நிறைய இருக்கிறது, 5 என்றால் முடிந்துவிட்டது. இது ஏன் முக்கியம் என்பதற்கு 1984இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன், இன்றும் வைத்தியர்கள் எடுத்துக்காட்டுவது. 20 முதல் 29 பாகை வரை வளைந்த பிள்ளைகளில், ரிஸ்ஸர் 0 அல்லது 1 ஆக இருந்தவர்களில் 68 வீதமானோருக்கு வளைவு கூடியது. ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 23 வீதமானோருக்குத்தான் கூடியது. ஒரே கோணம், வேறு வேறு எதிர்காலம். உங்கள் பிள்ளை முதல் வகையில் என்றால் “ஆறு மாதத்துக்குப் பிறகு வாங்கோ” என்ற திகதியைத் தவறவிடவே கூடாது. ஓ.எல். பரீட்சை, பெருநாள், கோயில் திருவிழா எதற்காகவும்.

5. பிரேஸ் சொன்னால்

பிரேஸ் வளைந்ததை நேராக்குவதற்கு அல்ல, மேலும் வளையாமல் தடுப்பதற்கு. இதைப் பிள்ளைக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த படத்தில் ஏமாந்துபோவாள்.

உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு 2013இல் வெளியான அமெரிக்க, கனேடிய ஆய்வு பதில் சொல்கிறது. பிரேஸ் அணிந்தவர்களில் 72 வீதமானோர் 50 பாகையைத் தொடாமலே வளர்ச்சியை முடித்தார்கள். கண்காணிப்பு மட்டும் இருந்தவர்களில் அது 48 வீதம். பிரேஸுக்குள் வெப்பமானி வைத்து எத்தனை மணிநேரம் அணிந்தார்கள் என்று அளந்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 13 மணிநேரம் அளவில் அல்லது அதற்கு மேல் அணிந்தவர்களில் 90 வீதத்துக்கும் மேல் வெற்றி. அணியச் சொன்னது 18 மணிநேரம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிரேஸ் இல்லாமலே கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகள் தப்பியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்குத் தேவையா என்ற கேள்விக்கு மேலே சொன்ன ஆறு விவரங்கள் இல்லாமல் பதில் இல்லை.

திருகோணமலை வெயிலில் 18 மணிநேரம் என்பது சின்ன விடயம் இல்லை. தையல் இல்லாத பருத்திப் பெனியன் நாலைந்து வாங்கிவைத்து, நனைந்தவுடன் மாற்றவேண்டும். சிவந்த இடத்தில் பவுடரும் கிறீமும் பூசாதீர்கள், தோல் இன்னும் மென்மையாகிக் கிழியும். கழற்றி அரை மணிநேரம் கழித்தும் சிவப்பு மறையாவிட்டால் செய்தவரிடம் காட்டித் திருத்துங்கள். கழற்றும் நேரத்தை விளையாட்டுக்கும் குளிப்புக்கும் ஒதுக்குங்கள், பாடசாலை நேரத்துக்கு அல்ல. அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் வைத்தியரின் கடிதத்தைக் கொடுத்து, பிள்ளைக்குச் சாயக்கூடிய கதிரை கேளுங்கள்.

பிரேஸ் பிள்ளையின் அளவுக்குச் செய்யப்படுவது. வளர வளரச் சிறிதாகும், ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வேண்டிவரலாம். முதல் விலையை மட்டும் கேட்காமல், திருத்த வேலைக்கும் அடுத்த பிரேஸுக்கும் என்ன எடுப்பார்கள் என்று கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

6. எண்ணெய், பயிற்சி, வாட்ஸ்அப்

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ பீடம் இருக்கிற ஊர் இது. சித்த வைத்தியத்தில் எங்கள் மக்களுக்கு உள்ள நம்பிக்கை பெரியது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். எண்ணெய் தேய்ப்பதால் தசை நோவு தணியலாம். ஆனால் எலும்பு வளைவை எண்ணெய் நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. முதுகை முறுக்கி, மிதித்து நேராக்குகிறேன் என்பவர்களிடம் பிள்ளையைக் கொடுக்கவே வேண்டாம். பாரம்பரிய வைத்தியம் செய்தாலும் படத்தின் திகதி தள்ளிப்போகக்கூடாது.

“ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று செய்தி வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். படம் நின்றபடி எடுத்ததா? பிள்ளைகளின் ரிஸ்ஸர் எண் என்ன? ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா? எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள்? வளர்ச்சி முடிந்த பிள்ளைகளை எடுத்து மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, வளைவு கூடவில்லை என்று சொன்னால் அது எதையும் காட்டவில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்கு எப்படியும் கூடியிருக்காது.

7. கொழும்புக் கடிதமும் கோப்பும்

வளைவுக்கான பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால் பெரும்பாலும் கொழும்புதான். கடிதம் எழுதும் வைத்தியரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்த வைத்தியசாலை, அங்கே எந்தப் பிரிவு, அந்தப் பிரிவின் கிளினிக் எந்த நாள். முதுகெலும்புச் சத்திரசிகிச்சை செய்கிற எலும்பியல் பிரிவா, நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவா என்று தெளிவில்லாமல் “எலும்பியல் கிளினிக்” என்று மட்டும் போட்ட கடிதம், கை முறிந்தவர்களின் வரிசையில் உங்களை நிறுத்தும். அங்கிருந்து இன்னொரு கடிதம், இன்னொரு திகதி. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையைச் சிறுவர் பிரிவில் எடுப்பார்களா பெரியவர்கள் பிரிவிலா என்பதும் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே கேளுங்கள்.

கோப்பில் இருக்கவேண்டியவை:

பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெற்றோர் இருவரின் தேசிய அடையாள அட்டை, 15 வயது கடந்திருந்தால் பிள்ளையின் அடையாள அட்டை, எல்லாவற்றிலும் போட்டோக்கொப்பி. கிளினிக் கொப்பி. பழைய படங்கள் அனைத்தும் திகதி வரிசையில், சீடீயுடன். முன்னர் வாட்டில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட் (வீட்டுக்கு விடும்போது தரும் நோய், சிகிச்சைக் குறிப்பு). ஒவ்வாமை, வலிப்பு, இழைப்பு, இருதய நோய் பற்றிய பழைய துண்டுகள். குடும்பத்தில் வேறு யாருக்காவது முதுகு வளைவு இருந்தால் அந்த விவரம்.

பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தமிழில் ஒரு மாதிரி, கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி என்று இருந்தால் நிதியுதவிக்குப் போகும்போது கட்டாயம் பிடிபடும். அப்போது ஓடுவதைவிட, இருவரும் ஒருவரே என்று கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே கடிதம் வாங்கி, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ளலாம்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சத்திரசிகிச்சைச் சம்மதத்தில் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். எங்கள் மாவட்டத்தில் வாப்பா கட்டாரில், உம்மா குவைத்தில், பிள்ளை அம்மம்மாவுடன் என்ற வீடுகள் பல. அப்படியென்றால் யார் கையெழுத்திடுவது, அதற்கு என்ன கடிதம் வேண்டும் என்று வாட்டில் திகதி தரும்போதே கேட்டுவிடுங்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் கேட்டால் திகதியே போய்விடும்.

கொழும்புக் கிளினிக்கில் தமிழ் தெரிந்த வைத்தியர் கிடைப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். சிங்களமோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி, பதிலை அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் சொல்வதைப் பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைவுபடுத்த முடியாது.

8. செலவு

அரச வைத்தியசாலையில் வாட்டுக்கோ சத்திரசிகிச்சைக்கோ கட்டணம் இல்லை. ஆனாலும் கையில் பணம் வேண்டும். வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. திகதி தூரத்தில் இருந்து, வைத்தியர் விரைவாகப் பார்க்கவேண்டும் என்றால் வெளியே எடுக்க நேரிடும். பல்லாயிரம் ரூபாய் போகும். சில பரிசோதனைகள், சில மருந்துகள், சில வேளைகளில் முதுகில் பொருத்தும் ஆணி, கம்பித் தொகுதி ஆகியவற்றை வெளியே வாங்கச் சொல்லலாம். அப்போது பொருளின் பெயரை வைத்தியரின் கையெழுத்துடன் கடிதமாக வாங்கி, விற்பனையாளரிடம் விலைமதிப்பை எழுத்தில் எடுங்கள். வாய்வார்த்தைக்குப் பணம் கட்டாதீர்கள்.

தனியார் வைத்தியசாலை என்றால் பல இலட்சம். அவர்கள் சொல்லும் தொகைக்குள் ஆணி, கம்பி, நரம்புக் கண்காணிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்தம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடங்காதவைதான் பட்ஜெட்டை உடைக்கும்.

உதவிக்கு: ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியில் இருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. வைத்தியரின் பரிந்துரை, விலைமதிப்பு, வருமான விவரம் கேட்பார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் அரச உத்தியோகத்தர் என்றால் அக்ரஹார காப்புறுதி, பாடசாலைப் பிள்ளைகளுக்கான சுரக்ஷா காப்புறுதி இரண்டையும் அலுவலகத்திலும் அதிபரிடமும் விசாரியுங்கள். மூல பில்லை ஒரே இடத்துக்குத்தான் கொடுக்கலாம். எங்கே கொடுப்பது என்று முதலில் தீர்மானியுங்கள்.

எல்லோரும் மறக்கும் செலவு: துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, தங்குமிடம், திரும்பி வரும் வான், அவ்வளவு நாளும் இழக்கும் கூலி. மீன்பிடியிலோ வயலிலோ வேலை செய்யும் குடும்பத்துக்கு இதுதான் பெரிய சுமை.

9. சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன்

செய்வது என்னவென்றால், வளைந்த பகுதியின் முள்ளெலும்புகளில் ஆணி பொருத்தி, இரு பக்கமும் கம்பியால் நேராக்கி, அந்த எலும்புகள் ஒன்றாக ஒட்டி வளரும்படி விடுவது. பல மணிநேரம் பிடிக்கும். வளர்ச்சி முடிந்த பிறகும் நெஞ்சுப் பகுதி வளைவு 50 பாகைக்கு மேல் இருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு பாகை அளவில் கூடிக்கொண்டே போகும் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருப்பதால்தான் அந்த எல்லையில் சத்திரசிகிச்சை சொல்கிறார்கள்.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகளில் முதலாவது: எந்த எலும்பில் இருந்து எந்த எலும்பு வரை ஒட்டப்போகிறீர்கள்? ஒட்டிய பகுதி மடங்காது. இடுப்புப் பக்கம் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்குக் குனிவதும் தொழுகையில் சுஜூது செய்வதும் தரையில் இருந்து எழும்புவதும் மாறும். பிள்ளைக்கு நடனம் உயிர் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது: பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது உடல் எப்படி நிற்கும்? எல்லோரும் பின்பக்கப் படத்தைப் பார்த்து, கம்பி நேராக இருக்கிறது என்று மகிழ்வார்கள். ஆனால் கீழ்முதுகுக்கு இயற்கையாகவே உள்நோக்கிய ஒரு வளைவு உண்டு, அது தட்டையானால் பிற்காலத்தில் உடம்பு முன்னுக்குச் சாயும். கழுத்தின் கடைசி எலும்பில் இருந்து விடும் தூக்குநூல் இடுப்பைவிட எவ்வளவு முன்னுக்கு விழுகிறதோ அவ்வளவுக்கு வலியும் இயலாமையும் கூடுகின்றன என்று பெரியவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரியவர்களுக்கு 5 சென்ரிமீற்றருக்குள் அது இருக்கவேண்டும் என்பது இன்று பரவலாகப் பயன்படும் அளவு. அதனால்தான் பக்கவாட்டுப் படத்தையும் இடுப்பெலும்பு தெரிய எடுக்கச் சொன்னேன்.

மூன்றாவது: நரம்புக்குப் பாதிப்பு வராமல் சத்திரசிகிச்சை நடக்கும்போதே எப்படிக் கண்காணிப்பீர்கள்? கிருமித்தொற்று, ஆணி விலகுதல், மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்படுதல் ஆகியவற்றுக்கு உங்கள் பிரிவில் எவ்வளவு சாத்தியம்? நல்ல வைத்தியர் இந்தக் கேள்வியால் கோபப்படமாட்டார்.

இருதயம், நுரையீரல், இரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். இரத்தச்சோகை இருந்தால் மருந்துக்குச் சில வாரம் வேண்டும் என்பதால் சீக்கிரம் பாருங்கள். சூத்தைப் பல்லையும் ஊரிலேயே சரிசெய்துகொண்டு போங்கள், வாயில் தொற்று இருந்தால் திகதி தள்ளிப்போகும்.

10. ஆய்வொன்றில் சேரச் சொன்னால்

போதனா வைத்தியசாலைகளில் இது நடக்கும், பயப்பட ஒன்றுமில்லை. தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கம் அதில் இருக்கவேண்டும். இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் பரிசோதனை என்றால் இலங்கை மருத்துவப் பரிசோதனைகள் பதிவேட்டிலும் பதிந்திருப்பார்கள், யாரும் தேடிப் பார்க்கலாம். சேராவிட்டாலும், நடுவில் விலகினாலும் சிகிச்சை குறையக்கூடாது. ஆய்வுக்காகக் கூடுதலாக எக்ஸ்ரே எடுப்பார்களா, பயணச்செலவு தருவார்களா என்று கேளுங்கள். கையெழுத்திட்ட தாளின் பிரதியைக் கோப்பில் வையுங்கள். பிள்ளையின் சம்மதமும் வேண்டும், உங்கள் கையெழுத்து மட்டும் போதாது.

எஸ்.ஆர்.எஸ்.-22 என்று 22 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தருவார்கள். வலி, நடமாட்டம், தன் தோற்றம் பற்றிய எண்ணம், மனநிலை எல்லாம் அதில் வரும். பிள்ளை தனியே நிரப்பட்டும். பக்கத்தில் அப்பா உட்கார்ந்து “வலி இல்லையே, என்ன?” என்று கேட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

முதுகெலும்புச் சத்திரசிகிச்சை ஆய்வுகளில் குறைந்தது இரண்டு ஆண்டு பின்தொடர்வார்கள். தூரத்தில் இருப்பவர்கள் வராமல் விட்டுவிட்டால் கணக்கில் கொழும்புப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள். எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். சேர்ந்தால் கடைசிவரை போங்கள்.

11. போவதும் வருவதும்

கார்த்திகை, மார்கழி மழையில் பாதைகள் வெள்ளத்தில் மூடப்படலாம். திகதிக்கு முதல் நாளே கொழும்பில் இருக்கும்படி புறப்படுங்கள். ரயிலில் போனால் தேசிய வைத்தியசாலைக்குக் கோட்டையைவிட மருதானையில் இறங்குவது கிட்ட. பாடசாலை விடுமுறையில் திகதி கேட்பது நல்லதுதான், ஆனால் கோணம் வேகமாகக் கூடினால் விடுமுறைக்காகக் காத்திருக்காதீர்கள்.

திரும்பி வரும்போது பஸ் வேண்டாம். சாயக்கூடிய இருக்கை உள்ள வானில், ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிள்ளையை இறக்கி நாலு அடி நடக்கவிடுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டமுன் அந்தப் பகுதியைக் கடக்கும்படி புறப்படுங்கள்.

வீட்டுக்கு விடும் நாளில் டயக்னோசிஸ் கார்டை வாசித்துவிட்டுத்தான் வாட்டை விட்டு வரவேண்டும். எந்த எலும்புகள் ஒட்டப்பட்டன, பொருத்திய உலோகம் என்ன, தையல் எப்போது எங்கே வெட்டுவது, அடுத்த கிளினிக் திகதி எது என்று அதில் இருக்கவேண்டும். தையல் வெட்டுவதைத் திருகோணமலையிலேயே செய்யக் கடிதம் கேட்டால் தருவார்கள், ஒரு பயணம் மிச்சம். பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அந்த உலோகத்தின் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள்.

காயத்தில் சிவப்பு, வீக்கம், நீர் கசிவு, காய்ச்சல் கண்டால் கொழும்புத் திகதிவரை பொறுக்கவேண்டாம். டயக்னோசிஸ் கார்டுடன் அன்றே திருகோணமலை வைத்தியசாலைக்குப் போங்கள். காலில் பலம் குறைந்தால் 1990. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு முதல் ஆறு வாரத்தில் பாடசாலைக்குத் திரும்புகிறார்கள். புத்தகப்பையை வேறொருவர் தூக்கட்டும். ஓட்டம், பந்து, கடலில் நீந்துவது எப்போது என்பதை வைத்தியர்தான் படத்தைப் பார்த்துச் சொல்வார், மாதங்கள் எடுக்கும். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று கிளினிக் வரும். ஒவ்வொன்றுக்கும் பழைய படங்கள் முழுவதையும் கொண்டு போங்கள், கடைசிப் படத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள்.